லாக்ஸ்டன்: வேலி போடாமல் மிஞ்சிய ஊர்

நம் ஊரில் மனை வாங்குபவர் சென்ட் கணக்கில் பேசுவார், வயல் வாங்குபவர் ஏக்கர் கணக்கில் பேசுவார். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் நூறில் ஒரு பங்கான 435.6 சதுர அடி ஒரு சென்ட். இவ்வளவு முழுமையில்லாத எண் எங்கிருந்து வந்தது என்று யோசிக்காமலே பத்திரம் எழுதிக்கொண்டிருக்கிறோம். 660 அடி நீளம், 66 அடி அகலம் உள்ள ஒரு நிலப்பட்டையை மனதில் வரைந்து பாருங்கள். பெருக்கினால் சரியாக 43,560 வரும். அந்த 660 அடிதான் பர்லாங். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கே ‘சாலின் நீளம்’ என்றுதான் பொருள்: மாடுகள் மூச்சு வாங்காமல் ஒரே இழுப்பில் கலப்பையை இழுத்துச் செல்லக்கூடிய தூரம். 66 அடி, நில அளவைச் சங்கிலியின் நீளம். ஒரு ஏர் ஒரு நாளில் உழுது முடிக்கக்கூடியது என்று கணக்கு வைத்த பரப்புதான் ஏக்கர்.

அப்படிப்பட்ட பட்டைகளாகப் பிரித்து, வேலியில்லாமல், ஊர் முழுவதும் ஒரே முறையில் பயிர் வைத்த கிராமங்கள் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதி முழுக்க இருந்தன. இன்றைக்கு அந்த முறை, அதை மேற்பார்க்கும் ஊர்க்கோர்ட்டோடு சேர்ந்து, நடைமுறையில் இருக்கும் ஊர் ஒன்றே ஒன்றுதான். நாட்டிங்ஹாம்ஷயரில், ஷெர்வுட் காட்டுக்குக் கிழக்கே, ஒல்லர்ட்டனுக்கும் டக்ஸ்ஃபோர்டுக்கும் இடையில் இருக்கும் லாக்ஸ்டன். ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, செங்கல் வீடுகள், டிராக்டர் சத்தம். காரில் போகிறவர் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுவார். இந்த ஊரின் வரலாறு வயலில் இருப்பதால், இறங்கி நடந்தால்தான் அது கண்ணில் படும்.

வயலுக்குள் போகுமுன் ஊரின் பழைய தலைமுறைகளைப் பற்றிக் கொஞ்சம். 1086இல் முதலாம் வில்லியம் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பில் லாக்ஸ்டன் பதிவாகியிருக்கிறது. நார்மன்கள் வருவதற்கு முன் இந்த ஊர் டோக்கி என்பவரின் கையில் இருந்தது. பிறகு ஜெஃப்ரி அல்செலின் என்ற நார்மன் பிரபுவுக்குப் போனது. அடுத்த நூற்றாண்டில் ஊருக்கு வடக்கே மண்ணைக் குவித்து மேடாக்கி, அதன் மேல் ஒரு கோட்டை கட்டினார்கள். ஷெர்வுட் அரச காட்டைக் காவல் காக்கும் பரம்பரைப் பொறுப்பு இந்தக் கோட்டைக்காரர்களிடம் இருந்தது. ராபின் ஹூட் கதைகளால் நமக்குப் பழக்கமான அதே காடு. இப்போது அங்கே கல்கூட மிச்சமில்லை. புல் போர்த்திய மேடும் அகழியும் மட்டும் இருக்கின்றன. கோட்டைக்கு உரியவர்களாக இருந்த எவரிங்ஹாம் குடும்பத்தினரின் சிலைகள் புனித மைக்கேல் தேவாலயத்தில் படுத்திருக்கின்றன. அவற்றில் ஒரு பெண்ணின் சிலை ஓக் மரத்தில் செதுக்கியது. நாட்டிங்ஹாம்ஷயரில் அந்தக் காலத்து மரச்சிலை வேறு எங்கும் இல்லை. தேவாலயத்துக்குப் போகிறவர்கள் அதன் முன் ஐந்து நிமிடமாவது நிற்க வேண்டும்.

இனி வயல்.

லாக்ஸ்டனில் மூன்று பெரிய வயல்கள்: மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல். காற்றாலை இருந்ததால் மூன்றாவதற்கு அந்தப் பெயர். இன்று மூன்றும் சேர்ந்து சுமார் 480 ஏக்கர். முன்பு இதைவிடப் பல மடங்கு அதிகம். ஒவ்வொரு வயலும் வேலி, வரப்பு எதுவும் இல்லாமல் திறந்து கிடக்கும். அதற்குள் நீள நீளமாகப் பட்டைகள். ஒரே சாய்வில், ஒரே திசையில் ஓடும் பட்டைகளின் தொகுதிக்குப் பர்லாங் என்றே பெயர். நீளத்துக்கு வைத்த சொல்லே தொகுதிக்கும் ஒட்டிக்கொண்டது. ஒரு விவசாயியின் பட்டைகள் ஒரே இடத்தில் இருக்காது. மூன்று வயல்களிலும் சிதறிக் கிடக்கும். அவருடைய பட்டைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் இன்னொருவர்.

இப்படிச் சிதறி வைத்ததற்குக் காரணம் உண்டு. லாக்ஸ்டன் மண் செம்பழுப்பான கனத்த களிமண். மேட்டில் இருப்பது சீக்கிரம் காயும், பள்ளத்தில் இருப்பது ஊறிக் கிடக்கும். மழை அதிகமான ஆண்டில் பள்ளத்துப் பயிர் அழுகும். மழை குறைந்த ஆண்டில் மேட்டுப் பயிர் வாடும். எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருப்பவருக்கு ஏதாவது ஒரு பட்டையாவது கைகொடுக்கும். இடைக்காலத்தில் கோதுமை விதைத்ததைப் போல நான்கு மடங்கு விளைந்தாலே நல்ல விளைச்சல். அந்த நான்கில் ஒன்று அடுத்த ஆண்டின் விதைக்குப் போய்விடும். மிச்சத்தில் வாழ்கிற குடும்பத்துக்கு ஒரு முழு நஷ்டம் பசியாகத்தான் முடியும். சிதறல் அவர்களுடைய காப்பீடு.

பட்டைகளின் உருவத்தையும் மண்தான் தீர்மானித்தது. மண்ணைப் புரட்டும் கனமான கலப்பை, வெட்டிய மண்ணை எப்போதும் வலப்பக்கம்தான் தள்ளும். பட்டையின் நடுவில் முதல் சாலைப் போட்டு, அதைச் சுற்றிச் சுற்றி வலமாக உழுதால், ஒவ்வொரு சுற்றிலும் மண் நடுவை நோக்கி நகரும். இதையே ஆண்டுக்கு ஆண்டு செய்தால் பட்டையின் நடு முதுகுபோல் உயரும், இரு ஓரமும் பள்ளமாகும். அந்தப் பள்ளம் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்தது: மழைத்தண்ணீரை வடித்தது, இரண்டு பேருடைய நிலத்தையும் பிரித்தது. இந்தக் களிமண்ணைச் சமமாக உழுதுவிட்டால் குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் தேங்கி, அக்டோபரில் விதைத்த கோதுமையின் வேர் மூச்சுமுட்டிப் போகும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பழைய பட்டைகள் நேராக இருக்காது. மேலிருந்து பார்த்தால் திருப்பிப் போட்ட எஸ் எழுத்துபோல லேசாக வளைந்திருக்கும். எட்டு எருதுகளை நான்கு ஜோடியாகப் பூட்டினால், முன்மாட்டிலிருந்து கலப்பை வரை ஏரின் நீளம் நாற்பது அடியைத் தொடும். இவ்வளவு நீளமான ஏரைப் பட்டையின் முடிவில் சட்டென்று திருப்ப முடியாது. அதனால் முடிவு வருவதற்கு முன்பே மாடுகளை இடப்பக்கம் சாய்த்து ஓட்டத் தொடங்குவார்கள். முன்மாடுகள் திரும்பிக்கொண்டிருக்கும்போது கலப்பை கடைசி அடி வரை உழுது முடித்திருக்கும். பல நூற்றாண்டு இப்படித் திருப்பியதில் நிலமே வளைந்துவிட்டது. பிற்பாடு குதிரை வந்தது, வளைவு அப்படியே நின்றது. டிராக்டர் வந்தபின் உழுநிலத்தில் முதுகுகள் மட்டமாகிவிட்டன. உழவுக்குப் போகாமல் புல்லாக விடப்பட்ட பழைய நிலங்களில், சாயங்கால வெயில் சரிந்து விழும்போது அந்த அலையலையான மேடுபள்ளம் இன்னும் தெளிவாகத் தெரியும். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாகவும் அதைப் பார்க்கலாம். பெரும்பாலோர் இயற்கையான மேடு என்று நினைத்துவிடுகிறார்கள். அது முழுக்க மாட்டின் உழைப்பு.

பயிர் சுழற்சி மூன்று ஆண்டுக் கணக்கு. முதலாண்டு இலையுதிர்காலத்தில் விதைத்து அடுத்த ஆகஸ்டில் அறுக்கும் கோதுமை. இரண்டாம் ஆண்டு வசந்தத்தில் விதைக்கும் பார்லி, பட்டாணி, பீன்ஸ் போன்றவை. மூன்றாம் ஆண்டு நிலம் ஓய்வெடுக்கும். ஓய்வு என்றால் சும்மா விடுவது இல்லை. கோடையில் மூன்று நான்கு முறை புழுதி உழவு ஓட்டி, களைகளின் வேரை மேலே புரட்டி வெயிலில் காயவைப்பார்கள். ஆடுகளைக் கிடை போட்டு எருவேற்றுவார்கள். களைக்கொல்லியும் ரசாயன உரமும் இல்லாத காலத்தில் அந்த மூன்றாம் ஆண்டைத் திருட்டுத்தனமாகச் சுருக்கியவர் அடுத்த கோதுமையில் அதற்கு விலை கொடுத்தார். இன்று மூன்றாம் ஆண்டில் பெரும்பாலும் வெற்று நிலமாகப் போடாமல் தீவனப் பயிர் வளர்க்கிறார்கள். சுழற்சி மட்டும் மாறவில்லை.

இந்த முறையின் கடினம் எங்கே என்றால், ஒருவர் தனியாக எதையும் மாற்ற முடியாது. அறுப்பு முடிந்ததும் வயலை ஊர் ஆடுமாடுகளுக்குத் திறந்துவிடுவார்கள். எல்லாரும் தாளில் மேய்க்கலாம். அந்தத் தேதிக்குள் ஒருவர் மட்டும் அறுக்காமல் வைத்திருந்தால், ஊரே காத்திருக்க வேண்டும் அல்லது அவருடைய பயிரை மாடு தின்னும். நடுவில் ஒருவர் புதிதாக ஏதாவது பயிர் வைக்க ஆசைப்பட்டால் அதற்கு வேலியும் கிடையாது, பாதையும் கிடையாது. பக்கத்துப் பட்டைக்காரர் களையெடுக்காவிட்டால் முட்செடி விதை காற்றில் பறந்து வந்து நம் பட்டையில் விழும். பொது மேய்ச்சலில் ஒரு ஆட்டுக்கு நோய் வந்தால் எல்லா ஆட்டுக்கும் வரும். பத்து இடத்தில் பத்துப் பட்டை வைத்திருப்பவரின் அரை நாள் நடையிலேயே போகும். திறந்த வயலைப் பொற்காலமாக வர்ணிக்கிறவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை. ஆனால் ஒரு உண்மையான நன்மை இருந்தது: கூலிக்காரர் ஒருவர் இரண்டு மூன்று பட்டையைக் குத்தகைக்கு எடுத்து, ஒரு மாடு வாங்கி, மெல்ல மெல்ல விவசாயியாக மேலேறலாம். மொத்தமாக நூறு ஏக்கர் பண்ணையை எடுத்தால்தான் தொழில் என்கிற ஊரில் அந்தப் படிக்கட்டு இல்லை.

லாக்ஸ்டனை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துகொள்ள முடிவதற்குக் காரணம் 1635இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் வரைந்த வரைபடம். அன்றைய நிலப்பிரபு சர் வில்லியம் கோர்ட்டன், லண்டன் வணிகர். ஊரை 1620களில் வாங்கியவர். வாங்கிய சொத்தில் யார் யாரிடம் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. பியர்ஸ் ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியாக அளந்து வரைந்தார். கூடவே ஒரு பதிவேடு: எந்தப் பட்டை, யாருடையது, யார் உழுகிறார், எத்தனை ஏக்கர், எத்தனை ரூட், எத்தனை பெர்ச். (40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர்.) நம் ஊர் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் சேர்த்துப் பார்ப்பது போலத்தான். வரைபடம் இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. எண்களுக்கு நடுவே பியர்ஸ் சின்னச் சின்ன ஆட்களையும் வரைந்திருக்கிறார்: ஏர் ஓட்டுகிறவர், கதிர் அறுக்கிறவர்கள், நாய்களோடு வேட்டைக்குப் போகிறவர்கள். கணக்குக்காக வரைந்த தாளில் அந்த மனிதர்கள் நுழைந்திருப்பதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

கோர்ட்டனின் பெயர் நம் வரலாற்றிலும் ஓரமாக வருகிறது. பார்படோஸ் தீவில் ஆங்கிலேயக் குடியேற்றத்துக்கு 1627இல் பணம் போட்டவர் அவர்தான். லாக்ஸ்டன் வரைபடம் முடிந்த அதே 1635இல், கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியாவோடு வணிகம் செய்ய முதலாம் சார்லஸ் மன்னரிடம் அனுமதி பெற்ற குழுவுக்குப் பின்னால் இருந்ததும் அவரே. அடுத்த ஆண்டு கப்பல்கள் கோவாவுக்குப் புறப்பட்டன. அதே ஆண்டு கோர்ட்டன் இறந்துபோனார். ஒரு களிமண் கிராமத்தின் குத்தகைக் கணக்கும் கோவாவுக்குப் போன கப்பலும் ஒரே மனிதரின் கணக்குப் புத்தகத்தில் இருந்தன என்பது அந்தக் காலத்து இங்கிலாந்தைப் புரிந்துகொள்ள நல்ல வழி.

பிறகு ஏன் மற்ற ஊர்களில் இந்த முறை அழிந்தது? 1604க்கும் 1914க்கும் இடையில் நிலத்தை வேலியடைக்கும் மசோதாக்கள் 5,200க்கு மேல் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. சுமார் 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒன்றுக்கும் சற்று அதிகம். நடைமுறை இதுதான்: ஊரின் பெரும்பகுதி நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் மனுப் போடுவார்கள், சட்டம் வரும், ஆணையர்கள் வந்து சிதறிய பட்டைகளைக் கூட்டி ஒவ்வொருவருக்கும் ஒரே துண்டாகக் கொடுப்பார்கள். சட்டச் செலவு, அளவைச் செலவு, முள்வேலிச் செலவு எல்லாம் நிலம் பெறுபவர் தலையில். ஐந்து ஏக்கர் கிடைத்தவருக்கு வேலிச் செலவே கட்டுப்படியாகாமல் பக்கத்துப் பெரிய பண்ணைக்கு விற்றுவிடுவார். நிலமே இல்லாமல், பொது மேய்ச்சலில் ஒரு பசுவை வைத்துப் பிழைத்தவருக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைக்கவில்லை. விளைச்சல் கூடியது உண்மை. அந்தக் கணக்கில் அந்தப் பசுவையும் சேர்க்க வேண்டும்.

லாக்ஸ்டன் தப்பியது கொள்கையினால் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கேயும் ஓரப் பகுதிகள் வேலியடைக்கப்பட்டன. மிச்சத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், ஊரின் இரண்டு பெரிய நிலப்பிரபுக்களான மேன்வர்ஸ் பிரபுவும் ஸ்கார்பரோ பிரபுவும் ஒத்துப்போக முடியாமல் இருந்தது. இருவரும் சம்மதிக்காமல் மனு நகராது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேன்வர்ஸ் நிர்வாகம் சிறு பட்டைகளை ஒன்றுசேர்த்து எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தது; முறையை மட்டும் கலைக்கவில்லை. என் பார்வையில் அந்தச் சமரசம்தான் ஊரைக் காப்பாற்றியது. பழைய சின்னப் பட்டைகளையே பிடித்துக்கொண்டிருந்தால் டிராக்டர் வந்த பத்தாண்டில் எல்லாம் முடிந்திருக்கும்.

1952இல் மேன்வர்ஸ் பிரபு ஊர் நிலத்தை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அது அரச சொத்துகளைப் பராமரிக்கும் கிரௌன் எஸ்டேட்டுக்குப் போனது. 2020இல் தோர்ஸ்பி எஸ்டேட் வாங்கியது. தோர்ஸ்பி என்பது மேன்வர்ஸ் குடும்பத்தின் பழைய இருப்பிடம். ஆக நிலம் ஒரு சுற்று வந்து அதே வாசலில் நிற்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் திறந்த வயல் தொடருமா என்ற கவலை ஊரில் இருந்தது. தொடர்கிறது.

இதையெல்லாம் கட்டிப்பிடித்து வைத்திருப்பது கோர்ட் லீட் என்ற ஊர்க்கோர்ட். இங்கிலாந்தின் பழைய ஊர்க்கோர்ட்டுகளின் அதிகாரத்தை 1977ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது. அந்தச் சட்டத்தில் விதிவிலக்குப் பெற்றது லாக்ஸ்டன் மட்டுமே. அதனால் அது விதிக்கும் அபராதத்துக்குச் சட்ட பலம் உண்டு.

ஆண்டுக் கடைசியில், நவம்பர் பிற்பகுதியில், ஜூரி நாள். முந்தைய கோர்ட்டில் உறுதிமொழி எடுத்த ஊர் விவசாயிகள் டிராக்டர் இழுக்கும் வண்டியில் ஏறி, அந்த ஆண்டு கோதுமை விதைத்த வயலுக்குப் போவார்கள். மூன்று ஆண்டுச் சுழற்சி என்பதால் ஒவ்வொரு வயலும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு வரும். பட்டைகளுக்கு இடையே வரப்பு இல்லை, முதுகும் மட்டமாகிவிட்டது. எல்லை என்பது ஒரே ஒரு சால். உழும்போது கலப்பை ஓரடி நகர்ந்தால் பக்கத்துக்காரர் நிலம் ஓரடி குறையும். அதுவும் வேண்டுமென்றே செய்ய வேண்டியதில்லை, முகப்புச் சக்கரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலே போதும். அதைத்தான் ஜூரி கண்ணால் அளக்கிறது. எல்லை மங்கிய இடத்தில் மரமுளை அடிப்பார்கள்: ஒருவர் முளையைப் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் இறக்க, மூன்றாமவர் எதிர் முனையில் நின்று நேர் பார்ப்பார். அடுத்த உழவுக்கு அந்த முளைதான் சாட்சி.

பொதுப் பாதை குறுகியிருக்கிறதா என்பது அடுத்த சோதனை. பட்டையின் கடைசியில் கலப்பையைத் தூக்காமல் இரண்டடி கூடுதலாக ஓட்டினால் வண்டிப்பாதை மெல்ல மெல்லக் காணாமல் போகும். அதேபோல சைக் எனப்படும் தாழ்வான புல்நிலங்கள். ஈரம் தேங்குவதாலும் சரிவு அதிகமாக இருப்பதாலும் உழவுக்கு ஒத்துவராத கீற்றுகள் இவை. கலப்பையும் உரமும் படாததால் பழைய புல்வெளிச் செடிகள் தழைத்து, இயற்கைப் பாதுகாப்புப் பகுதியாகவே அறிவிக்கப்பட்டிருக்கின்றன. இவற்றின் புல் ஊர் உரிமைக்காரர்களுக்குள் கோடையில் ஏலம் போகும். சைக்கின் ஓரத்தை உழுதுவிட்டால் அது ஊர்ச் சொத்தைத் தின்றதாகக் கணக்கு. தூர்வாராத வாய்க்காலும் பட்டியலில் வரும். தவறு கண்ட இடத்தை ஜூரித் தலைவர் எழுதிக்கொள்வார். உழுதவரே பல சமயம் அதே வண்டியில் உட்கார்ந்திருப்பார்.

அடுத்த வாரம் டவ்கோட் இன் என்ற ஊர் மதுக்கடையில் கோர்ட். நிலப்பிரபு நியமித்த ஸ்டீவர்டு, பெரும்பாலும் வழக்கறிஞர், தலைமை தாங்குவார். பெய்லிஃப் பழைய பிரெஞ்சுச் சொல்லான ‘ஓயே’ என்பதை உரக்கக் கூவிக் கோர்ட்டைத் தொடங்குவார். கேளுங்கள் என்று பொருள். பெயர் வாசிப்பார்கள். வர வேண்டியவர் வராவிட்டால் அபராதம் சில பென்ஸ்தான். ஜூரி கண்ட தவறுகளை வாசித்து அபராதம் சொல்வார்கள். தொகை சின்னது. ஊர் நடுவில், அக்கம்பக்கத்தார் முன்னிலையில் பெயர் வாசிக்கப்படுவதுதான் உறைக்கும். பின்டர் என்ற பதவிக்கும் ஆள் உண்டு: வழிதவறி மேயும் மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைப்பவர். 1871ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டத்தால் நம் ஊர்களுக்கும் வந்து, கிராமத்தில் இன்றும் ‘பவுண்டு’ என்று வழங்குவது இதே ஏற்பாடுதான்.

போய்ப் பார்க்க நினைப்பவர்கள் டவ்கோட் இன் முற்றத்தில் உள்ள சிறு பார்வையாளர் மையத்திலிருந்து தொடங்கலாம். அங்கிருந்து தெருவில் நடக்கும்போது வீடுகளைக் கவனியுங்கள். பல வீடுகள் தெருவுக்குப் பக்கச்சுவரைக் காட்டி நிற்கும். பின்னால் களஞ்சியம், அதற்கும் பின்னால் நீளமான கொல்லை. வேலியடைத்த ஊர்களில் விவசாயிகள் தங்கள் புதிய நிலத்தின் நடுவில் வீடு கட்டிப் போய்விட்டார்கள். இங்கே நிலம் மூன்று வயலிலும் சிதறி இருப்பதால் எந்த வயலுக்கும் நடுவே வீடு கட்டிப் பயனில்லை. பண்ணைவீடுகள் தெருவிலேயே தங்கிவிட்டன. பிறகு மேற்கு வயலுக்குப் போகும் பாதையைப் பிடியுங்கள். வீடுகள் முடிந்ததும் வேலி நின்றுவிடும், வானம் அகலமாகும். நவம்பர் கடைசியில் போனால், அந்த ஆண்டு கோதுமை விதைத்த வயலில், இரண்டு விரல் உயரம் முளைத்த பயிருக்கு ஓரமாகப் புதிதாக அடித்த முளைகள் நிற்கும். தலையில் சம்மட்டி பட்ட வெள்ளைத் தழும்பு காய்ந்திருக்காது.